இஸபெல்லின் கோத்திரம்

என் மனைவி ஷ்யாமளா இறந்தபோது அகில பம்பாய் கதாபிமானி சமாஜம் இரங்கல் கூட்டம் நடத்தவில்லை. காரணம் உண்டு. அதற்கு முந்தைய மாதம்தான் ஹாமிஷ் மெக்ரேவுக்கு நடத்தியிருந்தார்கள். வருஷத்துக்கு ஓர் இரங்கல் கூட்டம் என்பது சமாஜத்தின் விதி. மாதுங்காவில் ஹால் வாடகை அப்படி.

ஹாமிஷ் மெக்ரே என்று ஒருவர் கிடையாது. ஷ்யாமளா எழுதிய நாவலில் வரும் கிழவர் அவர். ஸ்காட்லாந்தின் வடகரையில் கில்மேர் என்ற ஊரில் ஹெர்ரிங் மீன் பிடித்தார். ஆறு பிள்ளைகள் பெற்றார். ஆடு மேய்க்க இடம் வேண்டுமென்று நிலச் சொந்தக்காரன் குடியானவர்களின் கூரைகளைக் கொளுத்தியபோது எதிர்த்து நின்றார். கடைசியில் படகில் உட்கார்ந்தபடியே செத்துப்போனார். கில்மேர் என்றும் ஓர் ஊர் கிடையாது. அதையும் அவள்தான் உண்டாக்கினாள்.

ஷ்யாமளா ஸ்காட்லாந்தைப் பார்த்ததில்லை. பம்பாயை விட்டு அவள் போன அதிகபட்ச தூரம் பாலக்காடு. அவள் அப்பா கப்பல் பழுது பார்க்கும் கம்பெனி ஒன்றில் குமாஸ்தா. சுதந்திரத்துக்குப் பிறகு கம்பெனியை மூடிவிட்டு ஊருக்குப் போன ஸ்காட்லாந்து துரை மூன்று பெட்டி புத்தகங்களை விட்டுவிட்டுப் போனார். பெட்டிகள் நல்ல தேக்கு என்பதால் மாமனார் வீட்டுக்குக் கொண்டுவந்தார். புத்தகங்களை எடைக்குப் போடுவதற்குள் ஷ்யாமளா படித்துவிட்டாள். ஊர்ச் சரித்திரங்கள், சர்ச் பதிவுகள், எந்தக் குடும்பம் எந்தக் குடும்பத்தில் பெண் எடுத்தது என்ற விவரங்கள். அப்போது அவள் பாவாடை கட்டிய பெண்.

கல்யாணமான புதிதில் ஒரு தடவை கேட்டேன். "ஏன், நம்ம ஊரைப் பத்தி எழுதப்படாதோ?"

"நம்ம ஊர்னா எது?" என்றாள்.

நான் பிறந்தது மாதுங்கா. அப்பா பிறந்தது கல்பாத்தி. குடியிருப்பது செம்பூர்.

'மெக்ரே வீட்டார்' சமாஜத்தின் மாத இதழில் நான்கு வருஷம் தொடர்ந்து வந்தது. சமாஜத் தலைவர் வேங்கடசுப்ரமணியன்தான் இதழுக்கும் ஆசிரியர். ரயில்வே தணிக்கையில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். பம்பாயில் மதுவிலக்கு அமலில் இருந்ததால், கதையில் விஸ்கி வரும் இடங்களிலெல்லாம் சுக்குக் கஷாயம் என்று திருத்திவிடுவார். ஒரு புயல் நாளில் ஹாமிஷ் நான்கு குவளை சுக்குக் கஷாயம் குடித்து, நிலை தடுமாறி, பாடிக்கொண்டே பாறையிலிருந்து விழுந்தார். வாசகர்கள் யாரும் கேள்வி கேட்கவில்லை. மாதுங்காவில் சிலர் அந்த மாதம் சுக்கு அதிகமாக வாங்கியதாகக் கேள்வி.

ஹாமிஷ் இறந்த இதழ் வந்ததும் சமாஜத்தில் துக்கம். இரங்கல் கூட்டம் போட்டே தீரவேண்டும் என்றார்கள். விதிப்படி உறுப்பினருக்குத்தான் இரங்கல் தெரிவிக்கலாம். ஆகவே முதல் தீர்மானமாக ஹாமிஷைக் கௌரவ உறுப்பினராகச் சேர்த்தார்கள். உறுப்பினர் படிவத்தில் கோத்திரம் என்று ஒரு கட்டம் உண்டு. செயலாளர் வானமாமலை பேனாவோடு நின்றுவிட்டார்.

"கோத்திரம் தெரியாதவாளுக்குக் காசியபம்," என்றார் தலைவர். "சாஸ்திரம் தெளிவா இருக்கு. எழுதும்."

எழுதினார்.

படம் வேண்டும். வக்கீல் கோமதிநாயகம் எங்கிருந்தோ பழைய விஸ்கி காலண்டர் ஒன்று கொண்டுவந்தார். அதில் கம்பளித் துணி போர்த்திய தாடிக்காரர் ஒருவர் புட்டியை உயர்த்திப் பிடித்திருந்தார். வானமாமலை புட்டியை மட்டும் கத்தரித்து எடுத்தார். மிச்சமிருந்த கை ஆசீர்வாதம் செய்வதுபோல் அமைந்துவிட்டது. மாலை போட்டார்கள். இரண்டு நிமிஷம் மௌனம். கில்மேருக்கு அனுதாபத் தந்தி கொடுத்தார்கள். அது விலாசதாரர் இல்லை என்று திரும்பி வந்தது. குடும்பம் வீடு மாறிவிட்டதாகக் குறிப்பில் பதிந்தார்கள்.

ஷ்யாமளா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மௌனத்தின்போது புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. தலைவர் அதைப் பார்த்துவிட்டு, "பாவம், பெத்தவ மாதிரி அழறா," என்று மேடையிலேயே சொன்னார்.

அதுதான் அவள் கடைசியாகச் சிரித்து நான் பார்த்தது.

ஆடி மாதம் அவளுக்கு டைபாய்டு. மழையில் பஸ் ஓடவில்லை. டாக்ஸியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். கதையில் அப்போது இஸபெல்லுக்குக் காய்ச்சல். இஸபெல், கப்பல் உடைந்து கில்மேர் கரையில் ஒதுங்கிய குழந்தை. மெக்ரே வீட்டில் வளர்ந்தவள். ஹாமிஷின் பேரன் டங்கனுக்கு நிச்சயமானவள். டங்கன் கடலுக்குப் போயிருக்கிறான். ஷ்யாமளா கடைசியாக எழுதிய வரி இது: 'கதவைச் சாத்தாதீர்கள், டங்கனுக்குத் தட்டிப் பழக்கமில்லை என்றாள் இஸபெல்.' அந்தப் பகுதி இதழில் வந்துவிட்டது. அதற்குப் பிறகு எழுதவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு மத்தியானம் கண்ணைத் திறந்து சொன்னாள். "இஸபெல் பொழைச்சுடுவா. எழுதத்தான் பாக்கி."

"சரி," என்றேன்.

"கேட்டேளா?"

"கேட்டேன்."

மறுநாள் இறந்தாள். செய்யவேண்டியதைச் செய்தேன். அழுகை வரவில்லை. ஆபீஸில் கூட்டலும் தப்பவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கதவைத் திறந்து வைப்பேன். ஷ்யாமளாவுக்கும் தட்டிப் பழக்கமில்லை.

ஆவணியில் எதிர் வீட்டு அகிலாண்டம் மாமி வாசலில் வந்து நின்றாள்.

"சங்கரா, கேக்கறேனேன்னு நெனச்சுக்காதே. மீன் கீன் வாங்கறியோ?"

"இல்லே மாமி."

"பின்னே? உங்காத்து வாசல்லேர்ந்து குப்புனு வரது."

"டிராம்பே கடல் பக்கத்துக் காத்தா இருக்கும்."

"காத்துக்கு எங்காம் தெரியாதோ? எங்காத்துக்கு வரலியே!"

எனக்கும் தெரிந்திருந்தது. மீன் மட்டும் இல்லை. ஈரக் கம்பளி, தார், உப்பு. சாயங்காலம் விளக்குப் போடும் நேரத்தில் ஆரம்பிக்கும். வாசற்படியில் வெள்ளையாகக் கோடு படிந்திருக்கும். ஒரு தடவை தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்புதான். பம்பாயில் ஐப்பசி வெக்கை உயிரை எடுக்கும். எங்கள் கூடத்தில் மட்டும் போர்வை வேண்டியிருந்தது. அவள் எழுதும் நாற்காலியின் எதிரில் உட்கார்ந்துகொள்வேன். பயமாக இல்லை. வேறு வேலையும் இல்லை.

கார்த்திகையில் சமாஜத்திலிருந்து கடிதம் வந்தது. 'மெக்ரே வீட்டார்' நான்கு மாதமாக வராததால் சந்தாதாரர்கள் கொந்தளித்திருக்கிறார்கள். ஆகவே கதை முடிப்புக் கமிட்டி அமைக்கப்பட்டுள்ளது. ஆசிரியையின் கணவர் என்ற முறையில் ஆஜராகவும்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். பெரிய மேஜை, மேலே விசிறி. சுவரில் ஹாமிஷ் ஆசீர்வாதம் செய்துகொண்டிருந்தார். ஓரத்தில் வெயிலுமுத்து உட்கார்ந்திருந்தார். தாராவியில் தகரப் பெட்டி செய்யும் பட்டறை வைத்திருப்பவர். மாதாமாதம் இதழ் வந்ததும் பட்டறை வாசலில் நின்று உரக்கப் படிப்பார். தெருவே உட்கார்ந்து கேட்கும் என்று ஷ்யாமளா சொல்லியிருக்கிறாள். ஒரு தடவை போய்க் கேட்டுவிட்டும் வந்தாள்.

தலைவர் கனைத்தார். "கமிட்டியோட பரிந்துரை, இஸபெல் காலமாகணும்கறது."

நான் ஷ்யாமளா ஆஸ்பத்திரியில் சொன்னதைச் சொன்னேன்.

"வாய்மொழி உயில் செல்லாது," என்றார் வக்கீல் கோமதிநாயகம்.

"ஏன் சாகணும்?"

"சொல்றேன்," என்றார் தலைவர். "எங்களுக்கு மட்டும் ஆசையா? ஹாமிஷை மெம்பராச் சேத்தப்போ காசியப கோத்திரம்னு போட்டோம். அப்போ மெக்ரே வம்சம் பூராவும் காசியபம். இந்தப் பொண்ணு கடல்லேர்ந்து வந்தவ. கோத்திரம் தெரியாது. கோத்திரம் தெரியாதவாளுக்கு?"

"காசியபம்," என்றார் வானமாமலை.

"பொழைச்சா டங்கனைப் பண்ணிப்பா. சகோத்திர விவாகம். அண்ணன் தங்கை மாதிரி. அதை நம்ம பத்திரிகையில போடமுடியுமோ? குடும்பப் பத்திரிகை ஐயா இது. போயிட்டாள்னா ஒரு கௌரவம். ஹீரோயினுக்கும் கௌரவம், நமக்கும் கௌரவம்."

"ஸ்காட்லாந்தில் கோத்திரம் கிடையாது," என்றேன்.

"கிடையாதுன்னு ஒண்ணு கிடையாது. அவாளுக்குத் தெரியலை, அவ்வளவுதான்."

கோமதிநாயகம் நிமிர்ந்தார். "அப்படிப் பார்த்தா எங்க பக்கத்திலயும் கோத்திரமெல்லாம் பார்க்கிறதில்லையே. என் ஃபார்ம்ல என்ன எழுதியிருக்கு?"

வானமாமலை அலமாரியைத் திறந்து பார்த்தார். "காசியபம்."

"யாரைக் கேட்டு எழுதினீங்க?"

"நீங்க ஊருக்குப் போயிருந்தேள்."

"அப்போ நானும் ஹாமிஷும் பங்காளிகளா?"

"சாஸ்திரப்படி."

"அவர் செத்தப்போ எனக்குத் தீட்டு உண்டா?"

"இருந்தது," என்றார் தலைவர். "இப்போ கழிஞ்சு போச்சு. விடும்."

வக்கீல் சுவரைப் பார்த்தார்.

வெயிலுமுத்து எழுந்தார். "ஐயா, நம்ம ஏரியாவுல எல்லா ஜனமும் அந்தப் புள்ள பொழைக்கணும்னு சொல்லுது. எரநூறு பேருக்கு மேல இருக்கும். வோட்டுக்கு விட்டீயன்னா..."

"அவா வாசகர் இல்லை," என்றார் வானமாமலை. "கேக்கறவா. விதி மூணு: கேட்பவர் வாசகர் ஆகார். படிக்கிறது நீர் ஒருத்தர். உமக்கு ஒரு வோட்டு."

"ஏன்வே, அப்ப ராமநவமிக்கு நீங்க கால நீட்டி உக்காந்து கதாகாலட்சேபம் கேக்கீயளே, அது?"

"அது பக்தி."

"இதுவும் அதான்," என்று உட்கார்ந்தார் வெயிலுமுத்து.

நான் எதற்கும் பிடிவாதம் பிடித்தவனில்லை. அன்று பிடித்தேன். "கோத்திரம்தான் பிரச்சினை என்றால் மாற்றலாம். நான் பாரத்வாஜம். அவளை நான் சுவீகாரம் எடுத்துக்கொள்கிறேன்."

மேஜையைச் சுற்றித் தலைகள் அசைந்தன. நல்ல யோசனை என்றுகூட ஒருவர் சொன்னார். வக்கீல் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார்.

"முடியாதுங்க. ஐம்பத்தாறாம் வருஷச் சட்டம். ஆம்பிள ஒருத்தர் பெண் குழந்தையைத் தத்தெடுக்கணும்னா, குழந்தையைவிட இருபத்தோரு வயசு மூத்தவரா இருக்கணும். இஸபெல் எந்த வருஷம் பிறந்தது?"

"ஆயிரத்து எண்ணூற்று இருபத்திமூன்று."

"நீங்க?"

"முப்பத்தைந்து. தொள்ளாயிரத்து முப்பத்தைந்து."

கணக்குப் போட்டுப் பார்த்தார். "வேணும்னா அவங்க உங்களைத் தத்தெடுக்கலாம். அதுக்கும் உங்களுக்கு வயசு தாண்டிருச்சு."

தலைவர் விசிறியைப் பார்த்து யோசித்தார். திடீரென்று மேஜையைத் தட்டினார்.

"கல்யாணம்! பொண்ணுக்குக் கல்யாணமானா புருஷன் கோத்திரம். இவர்தான் இப்போ ஒண்டியா இருக்காரே! இவரே பண்ணிக்கட்டும். அவ பாரத்வாஜம் ஆயிடுவா. டங்கன் கடல்லயே இருக்கட்டும். பொண்ணும் பொழைச்சா, சாஸ்திரமும் பொழைச்சுது."

"வருஷாப்திகம் ஆகலியே," என்றார் வானமாமலை மெதுவாக.

"புருஷாளுக்கு என்ன ஓய் வருஷம்? எங்கம்மா போய் இருபதாம் நாள் எங்கப்பா பண்ணிண்டார். சந்தனக் கிண்ணத்தை நான்தான் ஏந்திண்டு நின்னேன். எட்டு வயசு. எனக்கு என்ன கெட்டுப் போச்சு? சீஃப் ஆடிட்டரா ரிட்டயர் ஆகலையா?" என் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "நிஜமாவே வேணும்னாலும் என் தம்பி பொண்ணு இருக்கா. கௌசிகம். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ்."

"இஸபெல் போதும்," என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. வானமாமலை எழுதிக்கொண்டார்.

"ஒரே ஒரு சம்பிரதாயம்," என்றார் வக்கீல். "இருதார மணம் சட்டப்படி குற்றம். முதல் சம்சாரம் இறந்ததுக்கு சர்டிபிகேட் வேணும்."

"எல்லோருக்கும் தெரியுமே."

"எங்களுக்குத் தெரியாது," என்றார் தலைவர். "தனிப்பட்ட முறையில தெரியும். சமாஜத்துக்குத் தெரியாது. எங்க பதிவுல உங்க ஆத்துக்காரி மெம்பர். சந்தா மார்ச் வரைக்கும் கட்டியிருக்கா. உயிரோட இருக்கறதாத்தான் அர்த்தம். கடுதாசு கொண்டாங்கோ. இல்லேன்னா அடுத்த இதழ்ல இஸபெல் காலமாயிடுவா. அச்சுக்கு வெள்ளிக்கிழமை போறது."

அந்தக் காகிதத்தை நான் வாங்கவில்லை. ஆஸ்பத்திரியில் சீட்டுக் கொடுத்து, வார்டு ஆபீஸில் போய் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். சீட்டைச் சட்டைப் பையில் போட்டேன். சட்டை மாற்றும்போது சீட்டையும் மாற்றினேன். ஐந்து மாதமாக அப்படித்தான். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், நேரமில்லை என்று சொல்லியிருப்பேன்.

வியாழக்கிழமை லீவு போட்டேன். வார்டு ஆபீஸில் கூட்டம் இல்லை. ஜன்னலில் இருந்த மராத்திக்காரர் சீட்டைப் பார்த்தார்.

"பத்னி?"

"ஹோ." ஆமாம்.

பெரிய புத்தகத்தில் தேடினார். எழுதினார். முத்திரை குத்தினார். ஊதி உலர்த்தி நீட்டினார். அவ்வளவுதான். பெஞ்சில் உட்காரக்கூட நேரம் கிடைக்கவில்லை. ஏதாவது தடை சொல்வார்கள், நாளைக்கு வா என்பார்கள் என்று நம்பியிருந்தேன்.

"ஆணகி காய்?" என்றார் அவர். வேறென்ன வேண்டும்? நான் இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலமே கமிட்டி கூடியது. காகிதம் கைமாறிக் கைமாறிப் போனது. ஒவ்வொருவரும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். வயது, வியாதி, தேதி. "அசல்தான்," என்றார் தலைவர் திருப்தியாக. குண்டூசியால் ஃபைலில் குத்தினார்.

இஸபெல்லுக்குப் படம் வேண்டுமே. ஸ்காட்லாந்து பிஸ்கட் டப்பா ஒன்றைத் தேடிப் பிடித்திருந்தார்கள். மூடியில் கட்டம் போட்ட துணி உடுத்திய பெண், சிவந்த கன்னம், பின்னால் மலை. டப்பாவுக்கு ஒரு மாலை. எனக்கு ஒரு மாலை. வானமாமலை மாங்கல்ய மந்திரத்தைப் பாதி சொன்னார். பாக்கி தெரியவில்லை. கூறைப் புடவை சமாஜச் செலவில் சேராது என்று குறிப்பில் பதிந்தார்கள். இஸபெல் பிழைத்தாள் என்ற தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

தலைவர் உரையாற்றினார். "ஒரு பொண்ணோட உயிரை இந்தச் சமாஜம் இன்னிக்குக் காப்பாத்தியிருக்கு. இலக்கியத்துக்கு இதைவிட என்ன தொண்டு? சங்கரன் பாக்கியசாலி. ஒரு கதவு சாத்தினா இன்னொரு கதவைத் திறக்கறது சமாஜம்." கை தட்டினார்கள். பிறகு அவர் வானமாமலையிடம் திரும்பினார். "இந்த சர்டிபிகேட்படி அந்தம்மா போயிட்டா. சந்தா மார்ச் வரைக்கும் கட்டினது மிச்சம் இருக்கு. இரங்கல் கூட்டம் வைக்கணுமே?"

"இந்த வருஷ கோட்டா ஹாமிஷுக்குப் போயிடுத்து."

"அடுத்த வருஷம் வெச்சுக்கலாம். வேற யாரும் போகாம இருந்தா."

டப்பாவை எடுத்துப் போகலாம் என்றார்கள். பிஸ்கட் இல்லை. கமிட்டி சாப்பிட்டிருந்தது.

வெயிலுமுத்து வெளியே காத்திருந்தார். "நீங்களே வந்து சொல்லிருங்க ஐயா. நான் சொன்னா நம்ப மாட்டாளுவ." தாராவிக்கு நடந்தோம். டப்பா என் கக்கத்தில் இருந்தது. பட்டறை வாசலில் தகரத் துண்டுகளை ஒதுக்கிவிட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் இருந்தவள் பேராச்சி. காலையில் பஜார் சந்தில் இட்லி விற்பவள் என்று வெயிலுமுத்து சொன்னார். என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

"எய்யா, புள்ள பொழச்சிட்டாளா?"

"பிழைத்துவிட்டாள்."

"நான் சொல்லல? அரே, நான் அப்பவே சொல்லல? கடலே கொல்லாத புள்ளயக் காய்ச்சலா கொல்லும்!" பின்னால் திரும்பிக் கத்தினாள். "பொழச்சிட்டாளாம்ட்டீ!" யாரோ குலவையிட்டார்கள். பேராச்சி டப்பாவைப் பார்த்தாள். "இது யாரு?"

"இதுதான் இஸபெல்."

கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "காய்ச்ச விட்ட மொகமாவா இருக்கு? கொழுகொழுன்னுல்லா இருக்கா! இது அவ இல்ல." திருப்பிக் கொடுத்தாள். "அந்த அக்கா எழுதும்போது இவ ஒல்லி. அக்காவ மாதிரியேதான். அன்னைக்கு இங்கன வந்தாவல்லா? தரையில உக்காந்து கேட்டாவ. ஒரு இட்லி தின்னாவ. பிஞ்ச செருப்ப நான்தான் தச்சு வாங்கிக் குடுத்தேன். எப்ப மறுக்கா எழுதுவாவ? டங்கன் எப்ப வாரான்?"

வெயிலுமுத்துவுக்குத் தெரியும். ஆனால் அவர் சொல்லியிருக்கவில்லை. தகரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எய்யா, ஒம்மத்தான். அக்கா எங்க?"

"செத்துட்டா," என்றேன்.

என் வாயால் நான் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. தந்தி அடித்திருக்கிறேன். படிவங்களில் எழுதியிருக்கிறேன். அன்று மத்தியானம் முத்திரையோடு வாங்கியிருக்கிறேன். சொன்னதில்லை.

"எப்ப?"

"ஆடியில்."

"ஆடியிலயா? இம்புட்டு நாளா யாரும் ஒரு வார்த்தை சொல்லலியே!"

"சமாஜத்தில் வருஷத்துக்கு ஒன்றுதான்," என்றேன்.

பேராச்சி என்னை உற்றுப் பார்த்தாள். பிறகு அப்படியே தெருவில் உட்கார்ந்தாள். கொண்டையை அவிழ்த்தாள். பக்கத்தில் இருந்தவளின் தோளில் கையைப் போட்டாள். 'கண்ணே' என்று ஒரு குரல் கிளம்பியது. மற்றவர்களும் வட்டமாக உட்கார்ந்து தோளைக் கட்டிக்கொண்டார்கள். ஐந்து மாதம் கழித்து, ஒரு இட்லி தின்றவளுக்காக, தாராவியில் தெருவை அடைத்துக்கொண்டு மாரடித்தார்கள். கைவண்டிக்காரன் ஒருவன் ஹிந்தியில் வழி கேட்டான். யாரும் நகரவில்லை. தீர்மானம் இல்லை. தலைமை இல்லை. எத்தனை நிமிஷம் என்று யாரும் பார்க்கவில்லை.

நான் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேறெதைப் பிடிப்பது என்று தெரியவில்லை.

செம்பூர் வந்தேன். கதவைத் திறந்து வைத்தேன். விளக்கைப் போட்டேன். காத்திருந்தேன்.

வாடை வரவில்லை.

மறுநாளும் வரவில்லை. வாசற்படி வெறும் சிமென்டாக இருந்தது. கூடத்தில் வெக்கை. நாற்காலி நாற்காலியாக இருந்தது. அவள் போனதற்குப் பேப்பர் எல்லாம் ஒழுங்காகிவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

அகிலாண்டம் மாமி வந்தாள். முகத்தில் நிம்மதி. "நாத்தம் போயிடுத்து, கவனிச்சியோ? கோமயம் தெளிச்சியா?"

"இல்லே மாமி."

"எப்படியோ. வீடு இப்பத்தான் வீடு மாதிரி இருக்கு. இனிமே நல்லது நடக்கும் பார். எனக்கே ரெண்டு ஜாதகம் வந்திருக்கு."

சனிக்கிழமை ஆபீஸிலிருந்து வரும்போது செம்பூர் ஸ்டேஷன் பக்கம் நின்றேன். மீன் பிடிக்கும் கோளி ஜாதிப் பெண் ஒருத்தி தரையில் கோணி விரித்துக் கருவாடு விற்றுக்கொண்டிருந்தாள். பம்பில் மீனைக் காட்டிக் கால் கிலோ கேட்டேன். சட்டைக் கழுத்துக்குள் தெரிந்த பூணூலைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"துமி பாமண் நா? கசாலா பாஹிஜே?" பிராமணன்தானே, உனக்கு எதற்கு?

"வீட்டில் ஆள் இருக்கிறது," என்று ஹிந்தியில் சொன்னேன்.

நிறையவே போட்டாள். வீட்டுக்கு வந்து பிஸ்கட் டப்பாவில் கொட்டினேன். மூடியைக் கழற்றி அலமாரியின் பின்னால் கவிழ்த்து வைத்தேன். டப்பாவை நாற்காலியின் காலடியில் வைத்தேன். கொஞ்சம் கல்லுப்பை எடுத்து வாசற்படியில் தூவினேன். கதவைத் திறந்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன்.

விளக்குப் போடும் நேரத்தில் மாமியின் கதவு திறந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு படியில் நின்றாள். உப்பைப் பார்த்தாள். காலியான நாற்காலியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"மறுபடியும் வந்துடுத்தேடா, சங்கரா!"

"ஆமாம் மாமி," என்றேன். "வந்துடுத்து."